ஏற்றப்பாட்டும் திருமறையும்

நெமிலியைச் சூழ்ந்த கழனிகட்கு மின்பொறி வருமுன் கவலையும் ஏற்றமுமே கிணற்றுநீரை ஈந்தன. ஏற்றமிறைத்தோர் சால்களை எண்ணியவாறே பாடினர். கணக்கிற்கு எழுந்த பாட்டு களைப்பையும் ஆற்றிற்று.

இத்தகைய பாட்டொன்று வேதாகமத்துள்ளும் உண்மையை யாம் நெடுநாள் நோக்கினோமில்லை. எண்ணாகமம் 21-ஆம் அதிகாரத்திலே, பேயேர் என்னுமிடத்தில், இஸ்ரவேலர் கிணற்றையே விளித்துப் பாடுகின்றனர். அது கிணறு தோண்டுவோரிடை வாய்மொழியாய் வழங்கிய பழம்பாட்டு என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அங்ஙனமாயின் மறைக்கு இழுக்கன்றோ என்று முதற்கண் அஞ்சினோம், அதனை ஒளிப்பானேன்?

அவ்வச்சத்தைப் போக்கியது, வகுப்பில் யாம் பயின்ற திருவாசகம். அம்மானை ஆடுதல், சுண்ணம் இடித்தல், பூக்கொய்தல், ஊசலாடுதல் ஆகிய மகளிர் ஆடலுக்கும் தொழிலுக்கும் உரிய பாட்டு வடிவங்களை மாணிக்கவாசகர் மேற்கொண்டார். திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருப்பூவல்லி, திருப்பொன்னூசல் என அவற்றின் பெயர்களே பதிகப் பெயர்களாயின. உலக்கையொலி கேளாதார்க்குப் பொற்சுண்ணத்தின் நடை விளங்குதல் அரிது. அது பற்றி அந்நூலைத் தாழ்வாகக் கருதிய சைவர் எவருமிலர்; எட்டாந் திருமுறையாகவே போற்றுகின்றனர்.

வேற்றுமையும் ஒன்றுண்டு. மாணிக்கவாசகர் வடிவத்தை மட்டும் கொண்டு பொருளைப் புதிதாக்கினார். எண்ணாகமமோ பாட்டையே ஏற்றுக்கொண்டது. முந்திய 14-ஆம் வசனம் ‘கர்த்தருடைய யுத்தபுஸ்தகம்’ என்னும் மறைந்துபோன நூலைச் சுட்டுவதும் ஈண்டு நோக்கத்தக்கது.

எம் பாட்டியார் ஏற்றப்பாட்டுச் சிலவற்றை இன்னும் மறந்திலர். வருகின்ற விடுமுறையில் அவற்றைக் கேட்டு எழுதக் கருதியுள்ளோம்.