மார்டள்ளிக் கொல்லைக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி

அன்பு மகனுக்கு,

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்துக்கு இடமில்லை. குழலை மடக்கும்போது உள்ளிருக்கும் பிஸ்டன் பின்னுக்குச் சென்று பூட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் அது முன்னோக்கிப் பாய்ந்து தன் எதிரிலுள்ள காற்றை நெருக்க, நெருங்கிய காற்று பெல்லட் எனப்படும் சிறு ஈயக் குண்டைக் குழல்வழியே தள்ளுகிறது. பழைய வகையில் பிஸ்டனைத் தள்ளுவது எஃகுச் சுருள்வில். கேஸ் பிஸ்டன் என்று கடைகளில் சொல்லப்படும் வகையில், அந்தச் சுருள்வில் இருந்த இடத்தில் நைட்ரஜன் வாயுவை உயர் அழுத்தத்தில் அடைத்து மூடிய உருளை ஒன்று இருக்கிறது; காரின் பின்கதவைத் தாங்கி நிற்கும் உருளையைப் பார்த்தவர்களுக்கு இதன் இயக்கம் உடனே புரியும். 1980களில் இங்கிலாந்தின் தியோபென் நிறுவனம் இதைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தது. அப்போது விலை உயர்ந்ததாக இருந்த அந்த அமைப்பு இப்போது நடுத்தர விலைத் துப்பாக்கிகளுக்கும் வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் பிரிசிஹோல் போன்ற இந்திய நிறுவனங்களும் காற்றுத் துப்பாக்கி செய்கின்றன.

இந்த வகையைப் புகழ்பவர்கள் முதலில் சொல்வது, துப்பாக்கியை மடக்கி மணிக்கணக்கில் அப்படியே வைத்திருந்தாலும் சுருள்வில்லைப் போல வாயு தளர்ந்துபோவதில்லை என்பதாகும். உண்மைதான், ஆனால் அந்தச் சிறப்பு யாருக்குப் பயன்படும் என்று கேட்டால், மறைவில் காத்திருக்கும் வேட்டைக்காரருக்கு என்பதே விடை. மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில், ஒரு புறம் 1987இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்கு சரணாலயமும் மறுபுறம் 2013இல் அறிவிக்கப்பட்ட மாதேஸ்வரன் மலைச் சரணாலயமும் சூழ இருக்கும் மார்டள்ளியில், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்திருக்கும்போது, அந்தச் சிறப்புக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. மிஞ்சுவது இரண்டு நன்மைகள்: சுருள்வில் விரியும்போது ஏற்படும் முறுக்கும் அதிர்வும் வாயு உருளையில் இல்லை; விசை இழுத்ததற்கும் குண்டு வெளியேறுவதற்கும் இடைப்பட்ட நேரம் சற்றுக் குறைவு. காகித இலக்கைச் சுடுபவருக்கு வேண்டியவை இவையே. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மடக்கத் தொடங்கும்போதே முழு எதிர்ப்பும் கையில் தெரியும்; உதைப்பு குறுகியதாக, வெடுக்கென்று இருக்கும்; சுருள்வில் போனால் புதியது வாங்கிப் பொருத்திவிடலாம், உருளையில் கசிவு வந்தாலோ முழு உருளையையும் தயாரிப்பாளரிடமிருந்தே வரவழைக்க வேண்டும். ஆகவே, உதிரி உருளை கிடைக்குமா என்று கேட்டு உறுதிசெய்யாமல் எந்த மாடலையும் வாங்கக் கூடாது.

அடுத்தது வேகம் பற்றிய விளம்பரம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர், அதாவது 0.177 அங்குலத் துளையும், 20 ஜூலுக்கு மேற்படாத முகவாய் ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை; வெளிநாடுகளில் பெயர்பெற்ற 0.22 அளவு இங்கே உரிமத்துக்குள் வந்துவிடுகிறது. முகவாய் ஆற்றல் என்பது குண்டு குழலை விட்டு வெளிவரும் கணத்தில் அதற்குள்ள இயக்க ஆற்றல். சாதாரணமான அரை கிராம் குண்டுக்கு 20 ஜூல் என்பது நொடிக்கு ஏறக்குறைய 283 மீட்டர் வேகம். அட்டைப்பெட்டியில் நொடிக்கு 1000 அடி, அதாவது 305 மீட்டர், என்று அச்சிட்டிருந்தால் அதற்கு இரண்டே பொருள்தான் இருக்க முடியும்: 0.43 கிராமுக்கும் குறைந்த இலேசான குண்டைக் கொண்டு அளந்திருக்கிறார்கள், அல்லது துப்பாக்கி சட்ட வரம்பைத் தாண்டுகிறது. இரண்டும் வாங்குபவருக்கு ஆதாயம் அல்ல. ஒலியின் வேகத்தை நெருங்கும் குண்டு காற்றில் தள்ளாடித் தடம் மாறவும் செய்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டியில் பயன்படும் துப்பாக்கிகளின் ஆற்றல் பொதுவாக 7.5 ஜூல் அளவே. அவை குறிவைக்கும் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். வலிமையைத் தேடும் இளைஞர் எவரும் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்ப்பது நல்லது.

கடையில் பார்க்க வேண்டியவை சில. குழலை மடக்கி மூடியபின் அதன் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார்க்கும்போது, கீல் பகுதியில் சிறிதளவு ஆட்டம் தெரிந்தாலும் அந்தத் துப்பாக்கி விலக்கத்தக்கது. மடங்கும் குழல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து அமராவிட்டால் ஸ்கோப் எனப்படும் எந்தக் குறித் தொலைநோக்கியாலும் அதைத் திருத்த முடியாது. குழலின் பின்வாயிலுள்ள ரப்பர் வளையம் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குண்டு போடாமல் சுட்டுக் காட்டச் சொல்லவும் கூடாது, கடைக்காரர் தாமாகச் செய்தால் அந்தத் துப்பாக்கியை வாங்கவும் கூடாது, ஏனெனில் குண்டின் தடை இல்லாதபோது பிஸ்டனுக்கு முன்னால் காற்றுமெத்தை உண்டாகாமல் அது நேரே இரும்பில் மோதி தன் நுனியிலுள்ள காற்றடைப்பு வளையத்தைச் சிதைக்கிறது. மடக்கத் தேவைப்படும் பலமும் முக்கியம்: மடக்கும் வலு உள்ளவர்தானா என்பதைவிட, முப்பதாவது முறை மடக்கிய பிறகும் கை நடுங்காமல் இருக்குமா என்பதே கேள்வி.

மேம்படுத்துதல் என்ற சொல்லைக் கேட்டதும் இளைஞர் மனம் வலிமையான உருளைக்குத்தான் போகிறது. அந்தக் கதவை முதலிலேயே மூடிவிட வேண்டும். உருளையைத் திறப்பது உயிருக்கு ஆபத்து. அதிக அழுத்தமுள்ள உருளையைப் பொருத்துவது 20 ஜூல் வரம்பைத் தாண்டச் செய்து, உரிமம் வேண்டாத பொருளை ஒரே மாலையில் உரிமமில்லாத ஆயுதமாக மாற்றிவிடும். பணத்தை இறக்க வேண்டிய முதல் இடம் குண்டு. ஒரே அளவு என்று எழுதியிருந்தாலும் வெவ்வேறு தயாரிப்புகளின் எடையும் விளிம்பும் மாறுபடுவதால், நான்கைந்து வகை வாங்கி ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகத் தாளில் சுட்டு, எந்த வகையின் துளைகள் நெருங்கி விழுகின்றன என்று பார்ப்பதற்கு ஈடான மேம்பாடு வேறில்லை. புதிய துப்பாக்கியின் குழலில் மிஞ்சியிருக்கும் எண்ணெயும் துகளும் துடைத்து எடுக்கப்பட வேண்டும். ஆனால் பிஸ்டன் அறைக்குள் சாதாரண எண்ணெய் ஒரு சொட்டும் போகக் கூடாது, நெருக்கப்பட்ட காற்றின் சூட்டில் அது டீசல் எஞ்சினில் நடப்பதுபோல் தீப்பற்றி, புகையோடும் வெடிச் சத்தத்தோடும் காற்றடைப்பு வளையத்தை எரித்துவிடும்.

மரக்கட்டையைப் பிணைக்கும் திருகுகள் உதைப்பினால் தளர்ந்துகொண்டே இருப்பவை. நேற்றுவரை நேராகச் சுட்ட துப்பாக்கி இன்று சிதறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம் என்பதால், சுடும் ஒவ்வொரு நாளும் அவற்றைச் சோதிக்க வேண்டும். மலிவான துப்பாக்கியில் விசை கனமாகவும் இழுவை நீண்டதாகவும் இருக்கும். அதிலுள்ள திருகைக் கையேடு அனுமதிக்கும் அளவுக்கு மட்டுமே திருத்தலாம். பிஸ்டனைப் பூட்டிவைக்கும் கொக்கியை அரத்தால் தேய்த்து இலேசாக்குவது, மடக்கிய குழல் விரல் உள்ளே இருக்கும்போதே மூடிக்கொள்ளும் விபத்துக்கு வழி. இந்த ஒரு காரணத்துக்காகவே, குண்டைப் பொருத்தி முடியும்வரை மறுகை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்ற பழக்கம் முதல் நாளிலேயே வர வேண்டும்.

ஸ்கோப் கடைசியில் வாங்க வேண்டியது. பிஸ்டன் கிளம்பும்போது துப்பாக்கி பின்னுக்கும், அது நிற்கும்போது முன்னுக்கும் உதைப்பதால், வெடிமருந்துத் துப்பாக்கியின் உதைப்பைத் தாங்கும் ஸ்கோப்கூட இதில் உடைந்துபோகலாம். காற்றுத் துப்பாக்கிக்கென்றே செய்யப்பட்டதும் 10 மீட்டரில் தெளிவாகக் குவியக் கூடியதுமான ஒன்றை, நகராமல் தடுக்கும் முள் உள்ள ஒற்றைத்துண்டுப் பிடிப்பில் பொருத்த வேண்டும். முதல் சில மாதங்கள் இரும்புக் குறியே போதும் என்பது பெரியப்பாவின் கருத்து. இந்த இரட்டை உதைப்பே பிடிக்கும் முறையையும் தீர்மானிக்கிறது: இறுகப் பிடித்தால் பிடியின் சிறு மாற்றமும் குண்டின் போக்கில் தெரியும், மரக்கட்டையின் முன்பகுதியை உள்ளங்கையில் சும்மா கிடத்தி, துப்பாக்கி தன் போக்கில் உதைத்துக்கொள்ள விட்டால் துளைகள் நெருங்கும். பெயர்பெற்ற மாடல்களைப் பலர் குறை சொல்லி விற்றுவிடுவதற்கு இந்தப் பிடி தெரியாததே காரணமாக இருக்கக் கூடும். வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு மாறுவதையும் மறக்கக் கூடாது; 10 பாகை மார்கழிக் காலைக்கும் 35 பாகை சித்திரை மதியத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு வித்தியாசம் இருப்பதால், பருவம் மாறும்போது குறியைச் சரிபார்க்க வேண்டும்.

இலக்குக்குப் பின்னால் கல்லோ செங்கலோ இருந்தால் குண்டு திரும்பி வரும். மணலும் பழந்துணியும் திணித்த பெட்டியும், அதற்கும் பின்னால் மண்மேடும் வேண்டும். கண்ணாடி அணிவதும், ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதிருப்பதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. சோளக்காட்டில் இறங்கும் பன்றியையும் குரங்கையும் இதனால் விரட்டலாம் என்று ஊரில் யாராவது சொல்வார்கள். பன்றியின் தோலில் இந்தக் குண்டு புண் உண்டாக்குமே தவிர அதை நிறுத்தாது. சுட்டவர் மீது வழக்கு வருவதோடு கருவியும் பறிமுதலாகும். பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கோரி விண்ணப்பிப்பதே வழி.

மார்டள்ளி அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது; உறவும் கடைவீதியும் இன்றும் மேட்டூர், சேலம் பக்கமாகவே இழுக்கின்றன. ஆனால் அங்கே வாங்கிச் சரணாலயக் காட்டைக் கடக்கும் பாலாறு சாலை வழியாக ஊருக்குக் கொண்டுவருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எழுத்து மூலமான முன் அனுமதியின்றி எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது வனவிலங்குச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அச்சட்டத்தில் ஆயுதமே என்பதால், உரிமம் தேவையில்லை என்ற வாதம் காட்டுச் சோதனைச்சாவடியில் எடுபடாது. எனவே வாங்குவதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் வழியைச் சொல்லி எழுத்தில் கேட்டுக்கொண்டு, துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி, குண்டைத் தனியே வைத்து, ரசீதோடு கொண்டுவர வேண்டும். கர்நாடகப் பக்கம் ஹனூர் வழியாக வந்தாலும் காடு குறுக்கிடும் இடங்களுக்கு இதே கேள்வி பொருந்தும். அந்த விண்ணப்பத்தைக் கன்னடத்தில் எழுதித் தர ஊர்ப் பள்ளி ஆசிரியர் எவரையாவது கேட்கலாம். பதில் வந்த பிறகு கடைக்குப் போனால் போதும்.

நலம் நாடும்,
பெரியப்பா