'வை' எழுத்துப் பாடல்களும் அப்பாவின் குறிப்பேடும்

சென்ற ஆண்டு நம் கழகத்தின் இளையவர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, விடுதி இரவுக்கு ஒரு பாட்டுச் சுற்று தயாரித்துக் கொடுங்கள்" என்றார்கள். பி.எச். அப்துல் ஹமீது வானொலியில் நடத்திப் புகழ்பெற்ற 'பாட்டுக்குப் பாட்டு' போன்றதுதான். ஓர் எழுத்தைக் கொடுத்தால் அதில் தொடங்கும் பாடலைச் சொல்ல வேண்டும். சீன, மலாய் நண்பர்களும் கலந்துகொள்வதால் ஆங்கிலப் பாடல்கள் என்று முடிவாயிற்று. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது 'வை'; ஆங்கில நெடுங்கணக்கின் கடைசிக்கு முந்திய எழுத்து.

இந்த எழுத்தில் என்ன பாட்டு இருக்கப் போகிறது என்று சலித்துக்கொண்டேன். ஆனால் தேடத் தேட வந்துகொண்டே இருந்தன. முதலில் நினைவுக்கு வந்தது, எல்லாருக்கும் வருவதைப் போல, பீட்டில்ஸ் குழுவின் 'யெஸ்டர்டே' (1965). இதன் மெட்டு பால் மெக்கார்ட்னிக்குத் தூக்கத்தில் கிடைத்தது. எழுந்து பியானோவில் வாசித்துப் பார்த்தவருக்கு, இது வேறு யாருடைய பாட்டோ என்ற ஐயம் பல நாள்கள் தீரவில்லையாம். சொற்கள் கிடைக்கும்வரை மெட்டு மறந்துபோகாமலிருக்க அவர் வைத்திருந்த தற்காலிகத் தலைப்பு 'ஸ்க்ராம்பிள்டு எக்ஸ்', அதாவது கிளறிய முட்டை! அந்தத் தலைப்பே நிலைத்திருந்தால் என் பட்டியலில் ஒன்று குறைந்திருக்கும். 1966இல் அதே குழு 'யெல்லோ சப்மரின்' பாடியது. பாடியவர் டிரம் வாசிப்பவரான ரிங்கோ ஸ்டார்.

அடுத்து எல்டன் ஜானின் 'யுவர் சாங்' (1970). நம் திரையிசையில் பெரும்பாலும் மெட்டு முதலில், வரிகள் பிறகு. இங்கோ பெர்னி டாப்பின் எழுதிக் கொடுத்த வரிகளுக்கு எல்டன் ஜான் பிறகு மெட்டமைத்தார். 'யூவ் காட் எ ஃபிரெண்ட்' 1971இல் இருவர் குரலில் வந்தது. எழுதியவர் கேரல் கிங். தர வரிசையில் முதலிடம் பிடித்ததோ ஜேம்ஸ் டெய்லர் பாடிய வடிவம். கார்ப்பென்டர்ஸ் பாடிய 'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்' 1973. 'யூ ஆர் மை சன்ஷைன்' இவையெல்லாவற்றுக்கும் மூத்தது. 1940இல் அதை இசைத்தட்டில் பதிந்த ஜிம்மி டேவிஸ் பின்னாளில் அமெரிக்காவின் லூசியானா மாநில ஆளுநராக இருமுறை பதவி வகித்தார். அந்தப் பாட்டும் 1977இல் அம்மாநிலப் பாடல்களுள் ஒன்றானது.

பட்டியலில் நான் அதிக நேரம் நின்றது 'யூ வில் நெவர் வாக் அலோன்' பாட்டில். மாமாக் கடையில் நள்ளிரவு தாண்டி தே தாரேக்கோடு லிவர்பூல் ஆட்டம் பார்த்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இது காற்பந்துப் பாட்டாகப் பிறக்கவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. 1945இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'காரூசல்' என்ற இசைநாடகத்துக்காக ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைத்து, ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் எழுதியது. கணவனை இழந்து நிற்கும் ஒரு பெண்ணைத் தேற்ற முதலில் பாடப்படுகிறது. நாடக இறுதியில் அவள் மகளின் பள்ளிப் பட்டமளிப்பு நாளில் மீண்டும் ஒலிக்கிறது. (நம் பட்டமளிப்பு விழாவில் ஏன் இதைப் போடுவதில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.) 1963இல் லிவர்பூலைச் சேர்ந்த ஜெரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் குழு பாடி, பிரிட்டனில் முதலிடம் பெற்றது. ஆன்ஃபீல்டு திடலின் கூட்டம் அதைத் தனதாக்கிக்கொண்டது. 1982இல் அங்கு அமைந்த ஷாங்க்லி வாயிலின் மேல் இந்தத் தலைப்பே இரும்பெழுத்தில் நிற்கிறது.

இந்தப் பட்டியலோடு ஒரு வார இறுதியில் சுங்கை சிப்புட்டுக்கு, வீட்டுக்குப் போனேன். அப்பா ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே முப்பது ஆண்டுகள் ஓட்டியபோது வானொலிதான் துணை. இரவில் தமிழ் ஒலிபரப்பு முடிந்ததும் ஆங்கில அலைவரிசைக்குத் திருப்பிவிடுவார். அறிவிப்பாளர் சொல்லும் தலைப்பைக் காதால் கேட்டு, அடுத்த நிறுத்தத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைப்பார். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 புத்தகம். அப்படி நான்கு புத்தகங்கள், ரப்பர் வளையம் போட்டு, அலமாரிக்கு மேலே ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. எழுத்துக்கு ஒரு பக்கம்.

என் 'வை' பாடல்களை அதில் தேடினேன். ஒரே பக்கத்தில் அவை இல்லை. மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தன!

'யூ ஆர் மை சன்ஷைன்', 'யுவர் சாங்' முதலியவை யகரப் பக்கத்தில் ஒழுங்காக இருந்தன. 'எஸ்டர்டே', 'எஸ்டர்டே ஒன்ஸ்மோர்', 'எல்லோ சப்மரின்' மூன்றும் எகரப் பக்கத்தில், 'எலனார் ரிக்பி'க்கு அருகில். வில்லேஜ் பீப்பிள் குழுவின் 1978ஆம் ஆண்டுப் பாட்டோ வகரத்தில்: 'வை எம் சி ஏ'. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சரக்கு இறக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தவர் அவர். அதற்கு மேல் டான் மெக்லீனின் 'வின்சென்ட்', கீழே எரிக் கிளாப்டனின் 'வண்டர்ஃபுல் டுநைட்'. ஆங்கிலத்தில் மூன்று வெவ்வேறு எழுத்துகள், அப்பாவிடம் ஒரே வரிசை.

பிரிந்தவை ஒருபுறமிருக்க, சேர்ந்தவை இன்னும் சுவை. ஐகாரப் பக்கத்தில் 'ஐ வில் சர்வைவ்' (1978) பாட்டுக்குப் பக்கத்தில் 'ஐ ஆஃப் த டைகர்' (1982). முன்னது 'நான்', பின்னது 'கண்'. ஆங்கில அகரவரிசையில் இவை இரண்டும் சந்திக்கவே மாட்டா; காதுக்கோ இரட்டைப் பிள்ளைகள். அதேபோல 'யுனைடெட் வி ஸ்டாண்ட்' (1970) யகரத்தில் இருந்தது. அதே ஆங்கில எழுத்தில் தொடங்கும் 'அன்செயின்டு மெலடி' அகரத்தில்.

அவர் தவறாக எழுதியிருக்கிறார் என்று ஒதுக்கிவிடலாம். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது என்னை உறுத்தியது 'எஸ்டர்டே' மட்டும். 'யுவர்' என்பதில் யகரத்தைக் கேட்ட அதே காது, 'யெஸ்டர்டே'யில் ஏன் கேட்கவில்லை?

இரண்டாம் ஆண்டில் தேர்வுக்காக மனனம் செய்து மறந்த மொழிமுதல் எழுத்துகள் இங்கே கைகொடுத்தன. தொல்காப்பியர், யகரம் ஆகாரத்தோடு மட்டுமே சொல்லின் முதலில் வரும் என்கிறார்: யானை, யாழ், யாண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தியார் காலத்துக்கேற்பக் கதவை அகலத் திறந்து ஆறு உயிர்களை அனுமதிக்கிறார்: யவனர், யானை, யுகம், யூகம், யோகம், யௌவனம். வடசொற்கள் வந்துசேர்ந்த தடம் இதில் தெரிகிறது. ஆனால் 'யெ', 'யே' இரண்டுக்கும் இவ்விருவரிடமும் இடமில்லை.

காரணம் நம் வாயிலேயே இருக்கிறது. 'எழுது', 'ஏன்', 'எங்கே' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். எகர ஏகாரங்களுக்கு முன்னால் மெலிதாக ஒரு யகரம் தானே ஒட்டிக்கொள்ளும். எழுத்தில் இல்லாத அந்த ஒலி பேச்சில் எப்போதும் இருப்பதால், 'எ' என்றாலும் 'யெ' என்றாலும் தமிழ்க் காதுக்குப் பொருள் வேறுபாடில்லை. கிறிஸ்துவின் பெயரை இயேசு என்றும் ஏசு என்றும் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் 'ஆம்' எனும் சொல்லும், பாம்புபோல் வளைந்த அந்த எழுத்தின் பெயரும் அப்பாவின் வாயில் ஒன்றாகவே ஒலிக்கும். ஆனால் உகரத்துக்கு முன்னால் அப்படித் தானே ஒட்டும் யகரம் நம்மிடம் இல்லை. எனவே 'யுவர்' என்பதன் யகரம் அவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. அவருடைய காது நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது.

சொல்முதல் யகரம் உதிர்வதும் நமக்குப் புதிதன்று. யாறு ஆறாயிற்று, யாண்டு ஆண்டாயிற்று, யாமை ஆமையாயிற்று. யானை மட்டும் எழுத்தில் நின்றுகொண்டு, பேச்சில் ஆனையாகிவிட்டது. இது ஆகாரத்தின் முன் நடந்த மாற்றம். 'எஸ்டர்டே'யை அப்படியே இதனோடு சேர்த்துவிட முடியாது. எனினும் யகரத்தின் பிடி நம் மொழியில் எவ்வளவு தளர்ந்தது என்பதை இவை காட்டுகின்றன.

அப்பா இலக்கணத்தைக் காத்தார் என்றும் சொல்லிவிட முடியாது. டகரமும் லகரமும் மொழிமுதலில் வாரா. அவரோ 'டெலைலா', 'டான்சிங் குயின்', 'டியர்ஸ் இன் ஹெவன்' என்று டகரத்துக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். 'லவ் மீ டூ'வுக்கு முன்னால் ஓர் இகரம் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கேட்டதை எழுதினார், அவ்வளவே.

விடுதி இரவில் ஒரு முதலாண்டு மாணவி 'வை' எழுத்துக்கு 'யுனைடெட் வி ஸ்டாண்ட்' என்று சொல்ல, நான் மதிப்பெண் கொடுத்துவிட்டேன். எதிரணி எழுந்து நின்று கத்தியது. மேலே சொன்ன விளக்கத்தை ஒலிவாங்கியில் ஐந்து நிமிடம் சொன்னேன். பாதிப் பேர் மீ கோரேங் வாங்கப் போய்விட்டார்கள்.

இனி, ஒதுக்கி வைத்த செய்தி. 2000ஆம் ஆண்டில் நான் படிவம் நான்கு மாணவன். கோல்டுபிளே குழுவின் 'யெல்லோ' அந்த ஆண்டுதான் வெளிவந்தது. அதே பாட்டின் மாண்டரின் வடிவம் 2018இல், சிங்கப்பூரைக் கதைக்களமாகக் கொண்ட 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தின் முடிவில் ஒலித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கிழக்காசியரை இழிவுபடுத்த மேலைநாட்டார் பயன்படுத்திய நிறப்பெயர் அது என்பதால் குழுவினர் முதலில் தயங்கினர். இயக்குநர் ஜான் எம். சூ அவர்களுக்கு எழுதிய கடிதத்தில், அந்த நிறத்தை அழகாகப் பாடிய பாட்டு என்பதாலேயே அது தமக்கு வேண்டும் என்று விளக்கி அனுமதி பெற்றார்.

2000இல் எனக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டில் வகுப்பு நண்பர்கள் இருவர் இருந்தனர். வானொலியில் பாட்டு முடிந்ததும் அப்பா 555 புத்தகத்தோடு வந்து, "என்னாடா பேரு இந்தப் பாட்டுக்கு?" என்று கேட்டார். புத்தகத்தை வாங்கிப் பார்த்த நான், 'எஸ்டர்டே' என்றிருந்ததை நண்பர்களிடம் காட்டி வாய்விட்டுச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பெயரை மறுபடி கேட்கவில்லை.

நான்காவது புத்தகத்தில் அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. இருபது பக்கங்களுக்கு மேல் காலி.

விடுதி இரவு முடிந்து அடுத்த வாரம் மீண்டும் ஊருக்குப் போனபோது, கைப்பேசியில் அந்தப் பாட்டைப் போட்டேன். முழுதும் கேட்டார். "இது எந்தப் பக்கத்துல வரும்பா?" என்றேன்.

"பேரச் சொல்லு மொதல்ல."

சொன்னேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எகரப் பக்கத்தைத் திருப்பினார். 'எல்லோ சப்மரின்' வரிக்குக் கீழே இடமில்லை. ஓரத்தில் நெருக்கி, எல்லோ, என்று எழுதினார்.

"யாரு பாடுனது?"

"கோல்டுபிளே."

"எந்த வருசம்?"

"ரெண்டாயிரம்பா."

அதையும் எழுதிக்கொண்டார்.