பனிக்காலத்தில் தோல் ஏன் வறள்கிறது?

மாணவர்களே! மார்கழி, தை மாதங்களில் ஒரு நாள் காலை, குளிப்பதற்கு முன், முழங்காலுக்குக் கீழே உங்கள் தோலைக் கூர்ந்து பாருங்கள். நகத்தால் மெல்லக் கீறினால், சிலேட்டில் பலப்பத்தால் எழுதியதுபோல் வெள்ளைக் கோடு விழும். அதன் மேல் சிறிது தேங்காய் எண்ணெய் தடவினால் கோடு மறைந்துவிடும். 'தோலில் எண்ணெய்ப் பசை வற்றிவிட்டது. எண்ணெய் போட்டதும் சரியாகிவிட்டது' என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் தோலில் குறைந்தது எண்ணெயா, நீரா?

புதுச்சேரியில் வாழ்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் எழும். ஊருக்குக் கிழக்கே கடல். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. விடியற்காலையில் புல்லின் மேல் பனித்துளி நிற்கிறது. எங்கும் இத்தனை ஈரம் இருக்க, தோல் மட்டும் வறள்வது ஏன்?

செங்கல்லும் சாந்தும்

நமது தோலின் மேற்பகுதியைப் புறத்தோல் என்கிறோம். அதன் வெளி ஓரத்தில், உயிரற்ற தட்டையான செல்கள் பதினைந்து, இருபது அடுக்குகளாகப் படிந்துள்ளன. பெரும்பாலான இடங்களில் இந்தப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆயினும், உடலின் நீர் கட்டுப்பாடின்றி ஆவியாகிப் போகாமல் தடுப்பது இதுவே.

அமெரிக்கத் தோல் மருத்துவ அறிஞர் பீட்டர் இலையாஸ் 1980களில் இதைச் செங்கல் சுவருக்கு ஒப்பிட்டு விளக்கினார். உயிரற்ற செல்கள் செங்கற்கள். அவற்றுக்கிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. செங்கல்லுக்குள் சிறிது நீர் உண்டு. அந்த நீர்தான் தோலுக்கு நெகிழ்ச்சியைத் தருகிறது. சாந்து அந்த நீரைக் காக்கிறது.

எவ்வளவு நல்ல சுவரானாலும் சிறிது கசிவு இருக்கும். வியர்வை அல்லாமலே, நம் கண்ணுக்குத் தெரியாமல் நாள்தோறும் ஏறத்தாழ 300 முதல் 400 மில்லிலிட்டர் நீர் தோல் வழியே ஆவியாகிறது. கசிவு மிகுந்தால் மேலடுக்குச் செல்கள் காய்ந்து, ஓரங்கள் சிறு செதில்களாகத் தூக்கிக்கொள்ளும். செதில்களுக்கிடையே காற்று புகுந்து, ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால்தான் கோடு வெண்மையாகத் தெரிகிறது. எண்ணெய் அந்த இடைவெளிகளை நிரப்பிக் கோட்டை மறைக்கிறது. ஆனால் கோடு மறைந்ததாலேயே தோலுக்கு நீர் கிடைத்துவிட்டது என்று பொருளல்ல.

கடற்கரை ஊரில் காற்று காய்ந்ததா?

காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ, அவ்வளவு குறைவாகவே நீராவியை ஏற்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 17 கிராம் நீராவியை ஏற்கும். 28 டிகிரியில் 27 கிராம். 33 டிகிரியில் 36 கிராம்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். தை மாத விடியலில் வெப்பநிலை 20 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று கொள்வோம். அந்தக் காற்றின் ஒரு கனமீட்டரில் இருப்பது சுமார் 14 கிராம் நீராவி. நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 டிகிரி. தோலைத் தொட்டதும் அந்தக் காற்று சூடாகிறது. சூடான காற்று 36 கிராம் ஏற்கும். கையிலிருப்பதோ 14 கிராம். ஆகவே தோலருகே அதன் ஈரப்பதம் 39 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. புல்லுக்கு ஈரமான காற்று தோலுக்கு வறண்ட காற்றாகிவிட்டது!

மே மாத இரவு ஒன்றில் 28 டிகிரியும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், ஒரு கனமீட்டரில் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். அது தோலைத் தொட்டபின்னும் 56 விழுக்காடு ஈரப்பதத்துடன் இருக்கும். அதோடு வியர்வையும் தோலை நனைக்கும். பனிக்காலத்தில் வியர்வை குறைவு. சைக்கிளில் எதிர்காற்றில் செல்லும்போது, தோலை ஒட்டியுள்ள ஈரக் காற்றையும் காற்று வாரிக்கொண்டு போய்விடுகிறது.

எண்ணெயா, நீரா?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி இர்வின் பிளாங்க் ஓர் எளிய சோதனையின் முடிவை வெளியிட்டார். தடித்துக் காய்த்துப்போன தோல் துண்டுகள் உலர்ந்தால் விறைத்து ஒடியும். அத்தகைய துண்டுகளை அவர் எண்ணெய் வகைகளில் ஊறவைத்தார். அவை நெகிழவில்லை. நீரில் இட்டபோது மென்மையாக வளைந்தன. தோலை நெகிழச் செய்வது நீரே என்பது இதனால் விளங்கிற்று. கூடை முடைவோர் காய்ந்த பனையோலையை நீரில் நனைத்துக்கொண்டு வேலை தொடங்குவதை நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் எண்ணெய் வீணா? இல்லை. எண்ணெய் நீரைத் தருவதில்லை. இருக்கும் நீர் வெளியேறும் வழியை அடைக்கிறது. ஆகவே எதைத் தடவுகிறோம் என்பதைவிட, எப்போது தடவுகிறோம் என்பதே முக்கியம். உலர்ந்த தோலில் தடவினால், காலிப் பானைக்கு மூடி போட்டது போலாகும். குளித்ததும் துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முற்றும் காயுமுன், இரண்டு மூன்று நிமிடத்துக்குள் தடவ வேண்டும்.

விலையுயர்ந்த களிம்பு தேவையில்லை. இந்த வேலையை மிக நன்றாகச் செய்வது வாசலின். 1872-இல் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் செஸ்பரோ. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயும் நல்லதே. வறண்ட தோலுக்கு அது தாது எண்ணெய்க்கு ஈடாகப் பயன்படுவதாக, 2004-இல் வெளியான பிலிப்பைன்ஸ் நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. பனிக்காலக் காலையில் புட்டியில் உறைந்திருந்தாலும், தோலின் சூட்டில் அது உருகிவிடும்.

மறுபுறம், சாந்தைக் கரைப்பவற்றைத் தவிர்க்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நெடுநேரம் குளிப்பது இதமாகத்தான் இருக்கும். ஆனால் வெந்நீரும் சோப்பும் சேர்ந்து தோலின் கொழுப்பைக் கழுவிவிடுகின்றன. வெதுவெதுப்பான நீர் போதும். சோப்பை அக்குள், பாதம் போன்ற இடங்களுக்கு மட்டும் போட்டால் போதும். முழங்கால்களுக்கும் கைகளுக்கும் தினமும் தேவையில்லை. சிவப்பழகு தரும் என்று சொல்லி விற்கப்படும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். மருத்துவர் சொல்லாமல் அவற்றைத் தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்துவிடும்.

வறட்சி ஓர் எச்சரிக்கையாகும்போது

பனிக்கால வறட்சி உடலின் இரு பக்கங்களிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் வெளிறிய திட்டு உண்டாகி, அங்கே வியர்க்காமல் வறண்டு, தொடு உணர்ச்சியும் குறைந்திருந்தால் அலட்சியம் கூடாது. உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். இந்நோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குவதால் உணர்ச்சியும் வியர்வையும் ஒருங்கே நின்றுவிடுகின்றன.

கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், ஓர் உண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டினார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. வலி தெரியாததால், காயங்கள் கவனிக்கப்படாமல் புண்ணாகி அழிகின்றன. வியர்வையற்ற பாதம் வறண்டு வெடிக்கும். வெடிப்பு வலிக்காது. அதன் வழியே கிருமி புகும். இதைத் தடுக்க இன்றும் கற்றுத்தரப்படும் வைத்தியம் என்ன தெரியுமா? பாதத்தைச் சாதாரண நீரில் ஊறவைத்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்து நீக்கி, ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவுவது. நாம் மேலே கண்ட அதே விதி ஒருவருடைய காலையே காப்பாற்றுகிறது!

தொழுநோய்க்கு 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. காலத்தே தொடங்கினால் ஊனமின்றிக் குணமாகலாம். புதுச்சேரி மாணவர்களுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமும், கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையும் உள்ளன. வெட்கப்பட்டு மறைப்பதால் நோயே வளரும்.

வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்கும் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். பித்தவெடிப்பை அவர்கள் பிளேடால் சீவ விடாதீர்கள்; சுடுநீரில் கால் வைக்க விடாதீர்கள். தாத்தா, பாட்டியின் குதிகாலையும் உள்ளங்காலையும் நாள்தோறும் ஒருமுறை பார்ப்பது உங்கள் பொறுப்பாகட்டும்.

செய்து பாருங்கள்

ஓர் உருளைக்கிழங்கிலிருந்து ஒரே அளவுள்ள மூன்று வில்லைகளை வெட்டுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதன் மேல் முழுவதும் தேங்காய் எண்ணெயையும், மூன்றாவதன் மேல் வாசலினையும் பூசுங்கள். பள்ளி ஆய்வகத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துக் குறித்துக்கொண்டு நிழலில் வையுங்கள். மூன்று நாள்கள் ஒரே நேரத்தில் நிறுத்து அட்டவணைப்படுத்துங்கள். எது மிகுதியாக எடை இழந்தது? இழந்த எடை எங்கே போயிற்று? இதே சோதனையைச் சித்திரையிலும் ஒருமுறை செய்து, இரு அட்டவணைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.