பெயர் மாற்றப்பட்ட பிள்ளைகளும் மாணவர் திரைப்படமும்

தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினா தேசத்தில் 1976 ஆம் ஆண்டு மார்ச்சு 24 ஆம் நாள் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். 1983 வரை நீடித்த அக்கொடுங்கோன்மையில் பல்லாயிரவர் இரகசியச் சிறைகளில் மறைந்தொழிந்தனர். சிறைப்பட்ட கருவுற்ற மகளிர் பிள்ளைப்பேறு வரையில் உயிரோடு வைக்கப்பட்டுப் பின்னர்க் கொல்லப்பட்டனர். அவர்கள் ஈன்ற மகவுகளும், பெற்றோருடன் பிடிபட்ட குழந்தைகள் பலரும், படைவீரர் முதலியோர் இல்லங்களில் வேற்றுப் பெயரோடு வளர்க்கப்பட்டனர்.

இவர்களைத் தேடும்பொருட்டு 1977 இல் பாட்டிமார் சிலர் சங்கமொன்று கண்டனர். ‘மே சதுக்கத்துப் பாட்டியர்’ என்பது அதன் பெயர். களவாடப்பட்டோர் ஏறத்தாழ 500 பேர் என்பது அவர்கள் மதிப்பு. பெற்றோர் இல்லாவிடத்தும் பாட்டன் பாட்டியரின் குருதியைக்கொண்டே உறவை நிறுவும் முறையை விஞ்ஞானிகள் வகுத்தனர். 1987 இல் அரசாங்கம் அதற்கென மரபணு வங்கியொன்றைச் சட்டத்தால் நிறுவியது. 2025 ஜூலை வரையில் 140 பேரைப் பற்றிய உண்மை துலங்கிற்று.

எனினும், தம் பிறப்பில் ஐயமே கொள்ளாதாரைக் குருதிச் சோதனை எங்ஙனம் அழைக்கும்? மோசே பார்வோன் குமாரத்தியின் மகனாக வளர்ந்தான். ஆயினும் பெற்ற தாயே அவனுக்குச் செவிலியாக வாய்த்தாள். தன் சகோதரர் இன்னாரென அவன் அறிந்திருந்தான். இப்பிள்ளைகளுக்கோ அத்தகைய செவிலி இல்லை. அக்குறையை ஒருவாறு நிரப்ப வல்லது திரைப்படம் என்பது நம் கருத்து.

1985 இல் லூயிஸ் புவென்சோ இயக்கிய ‘அதிகாரபூர்வ வரலாறு’ என்னும் படத்தில், சரித்திர ஆசிரியை ஒருத்தி தன் வளர்ப்பு மகளின் பிறப்பை ஆராயத் தொடங்குகிறாள். அவள் உள்ளத்தை அசைத்தோருள் அவளுடைய மாணவரும் உளர்.

2002 இல் பியூனஸ் ஐரிஸ் மாகாணத்தில் ‘இளைஞரும் நினைவும்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன்படி, பள்ளி மாணவர் குழுக்களாகச் சேர்ந்து, தம் ஊரில் நிகழ்ந்ததொன்றைத் தேர்ந்து, முதியோரை வினவிக் குறும்படம் முதலியன ஆக்குவர். ஆண்டிறுதியில் சப்பாட்மலால் என்னும் கடற்கரையூரில் கூடி அவற்றைப் பிறர்க்குக் காட்டிவந்தனர்.

இத்தகைய படங்களில் கைத்திறன் குறைவுபடலாம். ஆயினும் தேடப்படுவோர் இன்று நாற்பது வயதைக் கடந்தவர்கள். அவர்தம் மக்களே மாணவப் பருவத்தினர். படங்கண்ட மாணவன் ஒருவன் அன்றிரவே தன் தந்தையை நோக்கி, “நீங்கள் பிறந்தது எங்கே?” என வினவக்கூடும்.

படமெடுப்போர்க்கும் ஓர் எல்லை உண்டு. ஐயத்தையே சான்றாகக்கொண்டு ஒருவரை இன்னார் பிள்ளையெனக் கூறுதல் தகாது. அதனைத் துணியவேண்டுவது குருதிச் சோதனையே. ஆனால் முதியோர் வாய்மொழியைப் பதிவுசெய்தல் தாமதிக்கத்தக்கதன்று. தேடிய பாட்டியருள் பலர் தம் பேரரைக் காணாமலே மறைந்துவிட்டனர்.