தொட்டியைக் காக்கும் வாளி

கொச்சிக் கோட்டைக் கடற்கரையில் சீன வலைகளைப் பார்த்திருப்பீர்கள். தங்கமீனும் சீனாவிலிருந்து வந்ததுதான். அது கெண்டை இனத்து மீன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே குளங்களில் அதை வளர்த்தார்கள்.

மட்டாஞ்சேரியில் வீடுகள் நெருக்கமாக இருக்கும். சிறிய முற்றத்திலும் ஒரு தொட்டி வைத்துத் தங்கமீன் வளர்க்கலாம். அது கொசுப் புழுக்களையும் தின்னும்.

ஆனால் பலர் வீட்டில் என்ன நடக்கிறது? மீன் விட்ட சில நாளில் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பிறகு ஒவ்வொன்றாகச் சாகின்றன. "தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது!" என்று வருந்துகிறார்கள்.

தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல.

மீனின் கழிவில் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. குளங்களில் நுண்ணுயிர்கள் அதை மாற்றிவிடும். ஒரு வகை அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டு அளவோடு இருந்தால் மீனுக்குத் தீங்கில்லை. செடிக்கு உரம்.

இந்த நுண்ணுயிர்களுக்கு ஒரு வீடு கட்டித் தருவோம்.

செய்யும் முறை

1. 20 லிட்டர் வாளி ஒன்று எடுங்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே துளையிட்டு, தண்ணீர் வெளியேற அகலமான குழாய் பொருத்துங்கள்.
2. தொட்டியின் விளிம்பைவிட உயரமாகச் செங்கல் அடுக்கி, அதன்மேல் வாளியை அசையாமல் வையுங்கள். வெளியேறும் தண்ணீர் தொட்டியில் விழ வேண்டும்.
3. தொட்டிக்குள் சிறிய மோட்டார் வையுங்கள். அதன் குழாயை வாளியின் அடிவரை இறக்குங்கள்.
4. கழுவிய ஓட்டுத் துண்டுகளை முக்கால் வாளி நிரப்புங்கள். மேலே பழைய நைலான் மீன்வலையைக் கழுவிச் சுருட்டி வையுங்கள்.

தண்ணீர் கீழிருந்து ஏறி, ஓட்டுத் துண்டுகளைக் கடந்து, தொட்டிக்குத் திரும்பும். நுண்ணுயிர்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஓரிரு மீன் போதும். தீனியும் குறைவாகப் போடுங்கள்.

நினைவில் வையுங்கள்

வாளியைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

மோட்டாரை நிறுத்தாதீர்கள். நுண்ணுயிர்களுக்கும் காற்று வேண்டும். மின்சாரம் நெடுநேரம் நின்றுபோனால், வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்றுங்கள். பழைய தண்ணீரை வீணாக்காமல் கறிவேப்பிலைக்கோ வாழைக்கோ விடுங்கள்.

தொட்டியில் கை வைக்கும் முன் மோட்டாரின் பிளக்கைக் கழற்றுங்கள்.

விடை கூறுங்கள்

1. தெளிந்த தண்ணீரிலும் மீன் சாவது ஏன்?
2. வாளியைக் குழாய்த் தண்ணீரில் ஏன் கழுவக் கூடாது?
3. பழைய தண்ணீரை என்ன செய்யலாம்?