கண்ணொளி வழங்கும் ஔடத தானம்

இல்லறத்தார் கடைப்பிடிக்க வேண்டிய நல்லறங்களுள் தானம் சிறந்ததாகும். ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என அதனை நான்காக வகுத்து நம் ஆசாரியர்கள் உபதேசித்துள்ளனர். இவற்றுள் ஆகார தானத்தை நம் சமூகத்தார் நன்கு அறிவர். அறநூல்களை அச்சிட்டு வழங்குவதன் மூலம் சாத்திர தானமும் இயன்ற அளவில் நடைபெற்று வருகிறது. ஔடத தானத்தை மட்டும் மருந்து வாங்கிக் கொடுத்தல் என்ற அளவில் நிறுத்திக் கொள்கிறோம். அதன் முழுப் பொருள் யாது? தொலைவிலுள்ள தீவு மக்களுக்குத் தொண்டுள்ளம் படைத்த மருத்துவர்கள் கட்டணமின்றிச் செய்துவரும் கண் அறுவைச் சிகிச்சையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதனை இப்பாடத்தில் காண்போம்.

1. கண் என்னும் பொறி

நம் ஆகமங்கள் உயிர்களை அவை பெற்றுள்ள பொறிகளைக் கொண்டு ஐவகையாகப் பகுத்துக் கூறும். மரம், செடி முதலியவற்றிற்கு மெய் ஒன்றே பொறி. புழு, சங்கு முதலியன நாவும் பெற்றவை. எறும்பு முதலியன மூக்கும் பெற்றவை. வண்டு, ஈ முதலியன கண்ணும் பெற்றவை. மனிதர், விலங்கு, பறவை முதலியோர் செவியும் பெற்று ஐம்பொறி உயிர்கள் ஆயினர். எனவே கண் என்பது நான்காவதாகக் கிடைக்கும் அரிய பொறியாகும்.

அகிம்சையை அன்றாடம் கடைப்பிடிப்பதற்கும் கண்ணே கருவி. முனிவர் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி, சிற்றுயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் நடப்பது கண்ணின் துணையால்தான். அரிசியில் வண்டு பார்ப்பதும், நீரை வடிகட்டுவதும், உணவில் உயிர் விழுந்துள்ளதா என்று நோக்கி உண்பதும் அவ்வாறே. கண்ணொளி மங்கினால் நூல் ஓதுவது மட்டுமன்று, சீவரட்சையும் தடைப்படுகிறது. ஆகவே ஒருவருக்குக் கண்ணொளியை மீட்டுத் தருவது, அவர் அறம் செய்வதற்குரிய வழியைத் திறந்து விடுவதும் ஆகும்.

2. புரையும் கடலும்

கண்ணின் உள்ளே, கருமணிக்குப் பின்னால், பளிங்கு போன்று தெளிந்த வில்லை ஒன்று உள்ளது. முதுமையினாலும், நீரிழிவு முதலிய காரணங்களாலும் அது மங்கலடைந்து ஒளியைத் தடுப்பதே கண்புரை. உலகில் பார்வையிழப்பிற்கு முதன்மையான காரணம் இதுவே. முற்றிய புரை மருந்தினாலோ மூக்குக் கண்ணாடியினாலோ நீங்காது. மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்துவதே வழி. பயிற்சி மிக்க மருத்துவர் இதனைப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் செய்து முடிப்பார். இத்துணை எளிய சிகிச்சை கிட்டாமல் பல்லாண்டுகள் இருளில் வாழ்வோர் உளர்.

பசிபிக் பெருங்கடலிலுள்ள கிரிபாத்தி நாட்டை எடுத்துக் கொள்வோம். அந்நாட்டார் தம் நாட்டின் பெயரைக் 'கிரிபாஸ்' என்றே ஒலிப்பர். அதன் 33 தீவுகளின் நிலப்பரப்பையெல்லாம் கூட்டினாலும் சுமார் 811 சதுர கிலோமீட்டரே ஆகும். அத்தீவுகளோ ஏறத்தாழ 35 இலட்சம் சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் சிதறிக் கிடக்கின்றன. இது நம் பாரத நாட்டின் பரப்பினும் மிகுதி! தலைநகரான தாராவாவிலிருந்து கிழக்கேயுள்ள கிரிட்டிமாட்டித் தீவு 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இது நம் நாட்டின் தென்கோடிக்கும் வடகோடிக்கும் இடைப்பட்ட தொலைவை ஒத்தது. பிஜி நாட்டில் 300-க்கும் மேற்பட்ட தீவுகள் உள. அவற்றுள் சுமார் நூறு தீவுகளில் மக்கள் வாழ்கின்றனர். சாலமன் தீவுகள், வனுவாட்டு, டோங்கா ஆகிய நாடுகளும் இத்தகையனவே.

இந்நாடுகளின் வெளித்தீவுகளில் பெரும்பாலும் அறுவை அரங்கு கிடையாது. படகு எப்பொழுது வரும் என்பதைக் காற்றும் அலையும் முடிவு செய்யும். தாமே நடமாட இயலாத முதியவரை அழைத்துச் செல்ல வீட்டிலுள்ள இளைஞர் ஒருவர் தம் தொழிலை விட்டுவிட்டு உடன் செல்ல வேண்டும். மேலும், உலகிலேயே நீரிழிவு மிகுந்த பகுதிகளுள் பசிபிக் தீவுகளும் அடங்கும் ஆதலின், கண் நோய்களும் அங்கு மிகுதி.

3. தானத்தின் நான்கு உறுப்புகள்

தானத்தின் சிறப்பு நான்கு உறுப்புகளால் வேறுபடும் என்று உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் உணர்த்தியுள்ளார். அவை விதி, திரவியம், தாதா, பாத்திரம் என்பன. விதி என்பது கொடுக்கும் முறை, திரவியம் கொடுக்கப்படும் பொருள், தாதா கொடுப்பவர், பாத்திரம் பெறுபவர். நூல்முறை மாறினும், விளங்கிக் கொள்வதற்கு எளிதாக விதியை இறுதியில் வைத்துக் காண்போம்.

திரவியம்: கண்ணுள் வைக்கும் செயற்கை வில்லையே இங்குத் திரவியம். இரண்டாம் உலகப் போரில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சிதறல்கள் விமானிகள் சிலரின் கண்களில் தைத்தும் தீங்கு விளைவிக்காமல் தங்கியிருந்ததை ஹரோல்டு ரிட்லி என்னும் ஆங்கில மருத்துவர் கண்டார். அதனின்று எண்ணம் பிறந்து, 1949 நவம்பர் 29 அன்று இலண்டனில் முதல் செயற்கை வில்லையை ஒருவர் கண்ணில் பொருத்தினார். அதற்கு முன்னர், புரை நீக்கியவர்கள் தடித்த கண்ணாடியையே நம்பி வாழ்ந்தனர். தீவில் வாழும் ஒருவரின் கண்ணாடி கடலில் விழுந்துவிட்டால் மீண்டும் இருளே.

இவ்வில்லை நெடுங்காலம் ஏழை நாடுகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992-இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் நிறுவப்பட்டது. ஏறத்தாழ நூறு டாலர் விலையில் இறக்குமதியான வில்லையை அது பத்து டாலர் அளவிலேயே செய்து கொடுத்தது. அதன் வில்லைகள் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய டாக்டர் ஃபிரெட் ஹாலோஸ் (1929–1993) கொண்ட நோக்கமும் இதுவே. அவர் மறைந்த மறு ஆண்டில், எரித்திரியாவின் அஸ்மாராவிலும் நேபாளத்தின் காட்மாண்டுவிலும் வில்லைத் தொழிற்கூடங்கள் இயங்கத் தொடங்கின. விலை குறைந்தமையால்தான் இலவசச் சிகிச்சை என்பது ஏட்டளவில் நில்லாமல் நடைமுறைக்கு வந்தது.

தாதா: நியூசிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து கண் மருத்துவர், செவிலியர், பார்வை அளவிடுவோர், கருவிகளைப் பழுது பார்ப்போர் ஆகியோர் சிறு குழுக்களாகத் தீவுகளுக்குச் செல்கின்றனர். பலர் தம் ஆண்டு விடுமுறையை இதற்கெனச் செலவிடுகின்றனர். பயணச் செலவைத் தாமே ஏற்போரும் உளர். நுண்ணோக்கி, கருவிகளைக் கொதிநீராவியால் தூய்மை செய்யும் கலம், வில்லையின் அளவைக் கணிக்கும் கருவி, மருந்துகள், கட்டுத்துணி ஆகிய அனைத்தையும் பெட்டிகளில் சுமந்து செல்ல வேண்டும். மறந்துபோன ஒரு சிறு பொருளைத் தீவில் விலைக்கு வாங்க இயலாது. ஊதியமும் புகழும் கருதாமல், ஆயிரம் காதம் கடந்து சென்று உழைக்கும் இவர்கள் நம் சமயத்தைச் சார்ந்தவர் அல்லர். எனினும் நாம் போற்றும் காருண்ய பாவனை இவர்களிடம் செயலாக விளங்குகிறது.

பாத்திரம்: முனிவர் முதலிய உயர்ந்தோர்க்கு அளிப்பது பாத்திர தத்தி. துன்புறும் எவ்வுயிர்க்கும் இரங்கி அளிப்பது தயா தத்தி. தயா தத்தியில் இனம், மொழி, சமயம் ஆகியவற்றை ஆராய்வதில்லை. துன்பம் ஒன்றே தகுதி. தீவுவாசி நம்மை அறியார். நாமும் அவரை அறியோம். அத்தகையோர்க்குச் செய்யும் உதவியில் கைம்மாறு கருதும் எண்ணத்திற்கு இடமே இல்லை.

விதி: இப்பாடத்தின் கருப்பொருள் இதுவே. 'பிரமாதம்' என்னும் சொல்லை நாம் பேச்சு வழக்கில் மிகச் சிறப்பு என்ற பொருளில் ஆளுகிறோம். ஆகமங்களில் அச்சொல்லுக்குச் சோர்வு, கவனமின்மை என்பதே பொருள். பிரமாதத்துடன் கூடிய மன, மொழி, மெய்களால் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்பது நம் இலக்கணம். திருக்குறளில் பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரமே வகுக்கப்பட்டிருத்தலும் எண்ணத்தக்கது. எனவே நல்லெண்ணத்துடன் செய்யும் சிகிச்சையிலும் கவனம் தவறினால் இம்சை புகுந்துவிடும்.

இதனை நான் கண்ணாரக் கண்டேன். 1970-களின் தொடக்கத்தில், நான் பணியாற்றிய சிற்றூர்ப் பள்ளியின் வகுப்பறைகளில் கண் சிகிச்சை முகாம் ஒன்று நடைபெற்றது. பள்ளியைப் பெருக்கித் தூய்மை செய்யும் மூதாட்டி ஒருவரும் அறுவை செய்துகொண்டார். முகாம் முடிந்து வீடு திரும்பிய சில நாட்களில் அவருக்குக் கண்ணில் கடும் வலி உண்டாயிற்று. குழுவினர் ஊரை விட்டுச் சென்றுவிட்டனர். வலி வந்தால் எங்கே செல்ல வேண்டும் என்று எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. நானும் அது புண் ஆறும் வலிதான் என்று எண்ணி இரண்டு நாட்கள் வாளா இருந்துவிட்டேன். பின்னர் நகரத்திற்கு அழைத்துச் சென்றபோது காலம் கடந்துவிட்டது, அக்கண் போயிற்று. அந்த அம்மையார் எவரையும் பழிக்கவில்லை. "என் வினை, டீச்சரம்மா" என்று மட்டும் கூறினார்.

அறுவைக்குப் பின் கண்ணுள் கிருமி புகுந்தால் சில நாட்களிலேயே பார்வை பறிபோகலாம். சொட்டு மருந்தைப் பல வாரங்கள் தவறாமல் இட வேண்டும். சிலருக்குச் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, வில்லையைத் தாங்கும் மெல்லிய உறை மங்கும்; அதனை லேசர் கதிரால் சீராக்க வேண்டும். கப்பல் ஏறித் திரும்பிவிட்ட மருத்துவரால் இவற்றுள் ஒன்றையும் செய்ய இயலாது. ஆகவே தீவுப் பணியில் தேர்ந்த குழுவினர் உள்ளூர்க் கண் செவிலியரையே பணியின் அச்சாணியாகக் கொள்கின்றனர். முன்னரே நோயாளிகளைப் பார்த்துப் பட்டியல் இடுபவரும், குழு சென்றபின் மருந்திட்டுக் கவனிப்பவரும் அவரே. அடுத்த படியாக, 2006-இல் பிஜியின் தலைநகரான சுவாவில் பசிபிக் கண் மருத்துவப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. பல தீவு நாடுகளின் மருத்துவரும் செவிலியரும் அங்குப் பயின்று தம் நாடு திரும்பிப் பணியாற்றுகின்றனர். நம் நாட்டிலும் பள்ளிகளிலும் சத்திரங்களிலும் அறுவை செய்யும் வழக்கம் கைவிடப்பட்டு, முகாமில் கண்களைச் சோதித்து, அறுவைக்கு மருத்துவமனைக்கே அழைத்துச் செல்லும் முறை வந்துவிட்டது.

4. ஐயமும் தெளிவும்

ஐயம்: கண்ணொளி இழப்பது முன்வினைப் பயன் அன்றோ? எண்வினைகளுள் தரிசனாவரணீயத்தின் ஒரு பிரிவாகச் சட்சு தரிசனாவரணீயம் கூறப்பட்டுள்ளதே! அவ்வாறாயின் பிறர் குறுக்கிடுவது எதற்கு?

தெளிவு: வினை தன் பயனைத் தருவதற்குத் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நிமித்தங்கள் துணை வேண்டும். அவ்வினை ஒரு பகுதி கெட்டும் ஒரு பகுதி அடங்கியும் நிற்கும் க்ஷயோபசம நிலையும் கூறப்பட்டுள்ளது. அதற்கு மருத்துவரும் மருந்தும் நிமித்தம் ஆகலாம். நற்காட்சியின் அடையாளங்களாகிய பிரசமம், சம்வேகம், அனுகம்பை, ஆத்திக்கியம் என்னும் நான்கனுள் அனுகம்பையும் ஒன்றாதலை மறத்தல் கூடாது. அந்த மூதாட்டி 'என் வினை' என்றது அவருடைய பொறுமை. அதே சொல்லை அவரைக் குறித்து நான் சொல்லியிருந்தால், அது என் சோர்வை மறைக்கும் திரையாகவே இருந்திருக்கும். அவருடைய வினையை நான் அறியேன். இரண்டு நாட்கள் வாளா இருந்ததனால் நான் ஈட்டிக் கொண்ட வினையை மட்டும் நன்கு அறிவேன்.

5. நமக்குரிய பாடம்

மகாவீரர் ஜயந்தியை ஒட்டியும் பிற நாட்களிலும் நம் சங்கங்கள் கண் சிகிச்சை முகாம்கள் நடத்துகின்றன. நாம் தீவுகளுக்குச் செல்ல வேண்டுவதில்லை. பேருந்து நிற்காத சிற்றூரில் துணையின்றி வாழும் முதியவருக்கு அவர் வீடே ஒரு தீவுதான். முகாம் நடத்துவோர் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்வது நலம்:

அ. அறுவை செய்துகொண்டவரின் பெயர், ஊர் ஆகியவற்றைக் குறித்து வைத்து, முதல் வாரத்திலேயே ஒருவர் நேரில் சென்று பார்த்தல்.

ஆ. வலியோ சிவப்போ பார்வை மங்கலோ தோன்றினால் அன்றே எங்குச் செல்ல வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தல். எழுதப் படிக்க அறியாதார்க்கு வீட்டாரிடம் வாய்மொழியாகவும் கூறுதல்.

இ. பந்தலுக்கும் பதாகைக்கும் ஆகும் செலவைக் குறைத்து, மறு சோதனைக்கான பயணச் செலவிற்கு நிதி ஒதுக்குதல்.

ஈ. நம் இளைஞருள் ஒருவரையேனும் கண் மருத்துவத் துறைப் பயிற்சிக்கு அனுப்பப் பொருளுதவி செய்தல். இதில் ஔடத தானத்துடன் கல்வித் தானமும் சேர்கிறது.

தொகுப்புரை: ஔடத தானம் என்பது மருந்தைக் கொடுத்தவுடன் முடிவதன்று, நோய் நீங்கும் வரை உடன் நிற்பதாகும். திரவியமும் தாதாவும் பாத்திரமும் சிறந்திருப்பினும், விதியில் சோர்வு நேர்ந்தால் தானம் பழுதுபடும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. ஐவகை உயிர்களுள் கண் பெற்றவை எவை?
2. தானத்தின் சிறப்பை வேறுபடுத்தும் நான்கு உறுப்புகள் யாவை?
3. பாத்திர தத்திக்கும் தயா தத்திக்கும் உள்ள வேறுபாடு யாது?
4. பிரமாதம் என்பதன் ஆகமப் பொருளை எழுதி, சிகிச்சைத் தொண்டில் அது எவ்வாறு இம்சையாகும் என விளக்குக.
5. உங்கள் தெருவில் பார்வை மங்கிய முதியவர் எவரேனும் உளரா? அவரை இறுதியாக நீங்கள் நலம் விசாரித்தது எப்பொழுது?

ஐந்தாம் வினாவிற்குரிய விடையை ஏட்டில் எழுத வேண்டா. இன்று மாலையே நேரில் சென்று அறிந்து வருக.

வளர்க அருகநெறி!