எவரெஸ்டுச் சிகரமும் அதன் பெயரும்

உலகிலுள்ள சிகரங்களுள் மிக உயர்ந்தது எவரெஸ்டு என்பதை யாவரும் அறிவோம். தெற்கே கும்பு, வடக்கே ரோங்புக் என்னும் பனியாறுகள் அதன் அடிவாரத்தினின்று இறங்குகின்றன. அது பெற்ற பெயரின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

அதன் உயரத்தை வெளிப்படுத்திய நில அளவைப் பணி தொடங்கியது நம் தமிழ்நாட்டிலேயாம். 1802ஆம் ஆண்டில் லாம்ப்டன் என்பார் சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நேர்கோடொன்றைச் சங்கிலியால் அளந்தார். முக்கோணமொன்றின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரியின், மற்றைப் பக்கங்கள் கணக்கினால் விளங்கும். இங்ஙனம் முக்கோணத்தோடு முக்கோணம் தொடுத்து அளவை வடக்கே சென்றது. 1823இல் லாம்ப்டன் இறந்தபின் ஜார்ஜ் எவரெஸ்டு அதனை நடத்தி, 1843இல் ஓய்வு பெற்றார்.

சிகரத்தை அளந்தது அதற்குப் பின்னரே. தொலைவிலுள்ள சமவெளியினின்று கோணங்களை நோக்கினர். கணக்காளர் தலைவரான வங்காளத்து இராதாநாத சிக்தார் கணக்கிட்டார். 1856இல் 29,002 அடியென அறிவிக்கப்பட்டது. 2020இல் அறிவித்த 8,848.86 மீட்டருக்கும் அதற்கும் வேற்றுமை முப்பதடியளவே!

எவரெஸ்டின் பெயரைச் சூட்டியவர் அவருக்குப்பின் பதவியேற்ற வா என்பவர். இந்நாட்டார் நாவில் அப்பெயர் வழங்காதென எவரெஸ்டே மறுத்துரைத்தார். எனினும் 1865இல் அது நிலைபெற்றது. திபெத்தியரோ அதனைச் சோமோலுங்மா என்றே வழங்கிவந்தனர்.

பெயர் ஒருவருக்கு, உழைப்புப் பலருக்கு. சிகரத்தின் பெயரைச் சொல்லுந்தோறும் பரங்கிமலைச் சங்கிலியையும் சிக்தாரின் எழுதுகோலையும் நாம் நினைப்போமாக.